நிறம் நிலைக்க வேண்டுமானால்



மஞ்சளில் தோய்த்த துணி முதல் நாள் பொன்போல் ஒளிரும். சில நாள் வெயிலில் வெளுத்துவிடும். சவர்க்காரம் பட்டாலோ உடனே சிவக்கும். இதைக் கண்டு, செடிகொடிகளின் சாயம் நிலைக்காது என்று தீர்ப்புக் கூறுவோர் பலர். அத்தீர்ப்பு மஞ்சளுக்குப் பொருந்தும், சாயவேருக்குப் பொருந்தாது. சோழமண்டலக் கரையில் அவ்வேரால் சிவப்பேற்றிய பழந்துணிகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்றும் சிவந்தே இருக்கின்றன.

அதன் இரகசியம் வேரில் மட்டும் இல்லை. பருத்தி நூல் சாயத்தை எளிதில் ஏற்பதில்லை. முதலில் கடுக்காயின் துவர்ப்பை ஊட்டி, பின்னர் படிகாரத்தை ஏற்றினால், அப்படிகாரம் நூலையும் நிறத்தையும் பிணைக்கிறது. அந்நாளில் கர்நாடிக் மிஷன் எனப்பட்ட பகுதியில் பணியாற்றிய பிரெஞ்சு சேசு சபைக் குரு கேர்தூ அடிகளார், 1742-ஆம் ஆண்டு தம் நாட்டுக்கு எழுதிய கடிதத்தில், கடுக்காயும் எருமைப்பாலும் தொடங்கி இம்முறையைப் படிப்படியாக விவரித்துள்ளார். தாம் திருமுழுக்களித்த சாயத் தொழிலாளரைத் தனித்தனியே வினவி அறிந்ததாகவும் அதில் கூறுகிறார்.

அறிவு பரவுவது நன்றே. ஆயினும் ஏழைகளின் பிழைப்பு அடங்கிய இரகசியத்தை அவர்களுடைய குருவே கேட்டெழுதி அனுப்பியது எனக்கு உவப்பாக இல்லை. சுவாமியார் கேட்கும்போது மறுத்துரைக்க அவர்களால் இயன்றிருக்குமா?

இனி நம் இல்லத்திற்கு வருவோம். சாயவேர் தேட வேண்டாம். சமையலறையில் எறியும் வெங்காயத்தோலே போதும். நூறு கிராம் பருத்தித் துணியைக் கஞ்சி நீங்க வெந்நீரில் அலசுங்கள். இருபது கிராம் கடுக்காய்ப்பொடி கரைத்த நீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்துங்கள். மறுநாள் இருபது கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதிலும் ஓரிரவு ஊறட்டும். சகோதரிகள் பலர் பொறுமையிழப்பது இங்கேதான்! பிறகு, துணியின் எடைக்குச் சமமான உலர்ந்த தோலை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்நீரில் துணியை மேலும் ஒரு மணி நேரம் மெல்லிய சூட்டில் வைத்திருந்தால் பொன்னிறம் ஏறும்.

இதற்கெனத் தனிப் பாத்திரம் வையுங்கள். சமையலுக்கு அதை மீண்டும் எடுக்க வேண்டாம். இரும்புச் சட்டி மட்டும் ஆகாது. கடுக்காயும் இரும்பும் கூடினால் துணி கறுத்துவிடும். கறை படிந்த பழைய வெள்ளைத் துண்டு இருந்தால், அதை மட்டும் வேண்டுமென்றே இரும்புச் சட்டியில் இடலாம். கறை கண்ணுக்குத் தெரியாது.