கழிவுத் தொழிலில் தொடரும் கொத்தடிமை முறை: சட்டங்கள் பல, பொறுப்பேற்க ஆளில்லை

புது தில்லி: சாக்கடையில் இறங்கி உயிரிழக்கும் தொழிலாளர்கள் குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போது மத்திய அரசிடம் இரண்டு பதில்கள் உள்ளன. மனிதக் கழிவை மனிதர் அள்ளும் வேலையால் மரணம் ஏதும் பதிவாகவில்லை என்பது ஒன்று. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் சமூக நீதி, அதிகாரமளித்தல் அமைச்சகம் இதைத் தெரிவித்தது. சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்தபோது இத்தனை பேர் இறந்தனர் என்பது மற்றொன்று. அரசு நாடாளுமன்றத்தில் அளித்த புள்ளிவிவரப்படி, 2019 முதல் 2023 வரை இவ்வாறு இறந்தவர்கள் 377 பேர்.

சட்டத்தின் எழுத்துப்படி இரண்டு பதில்களுமே சரியானவை. அந்த எழுத்தில்தான் சிக்கல் உள்ளது.

வரையறையில் ஓட்டை: கையால் மலம் அள்ளும் பணியைத் தடை செய்ய 1993-இல் முதல் சட்டமும் 2013-இல் விரிவான சட்டமும் இயற்றப்பட்டன. பாதுகாப்புக் கருவிகள் அளிக்கப்பட்டு இப்பணியைச் செய்பவர், 2013 சட்டத்தின் விளக்கப்படி, மலம் அள்ளும் தொழிலாளி அல்ல. கருவிகள் இன்றி ஒருவரைச் சாக்கடையில் இறக்குவது தனிக் குற்றம். முதல் முறை குற்றத்துக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, ரூ. 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆக, ஒரு மரணம் நேர்ந்தால் சட்டம் கேட்பது, கையுறையும் முகக்கவசமும் தரப்பட்டனவா என்பதைத்தான். விஷவாயு இருக்கும் என்று தெரிந்தும் இறங்க மறுக்கும் நிலையில் அத்தொழிலாளி ஏன் இல்லை என்ற கேள்வி விசாரணைக்கே வருவதில்லை. கொத்தடிமை முறையை அடையாளம் காண உதவும் கேள்வி அதுவே.

தணிக்கை சொல்வது: 2022, 2023-ஆம் ஆண்டுகளில் 8 மாநிலங்களைச் சேர்ந்த 17 மாவட்டங்களில் நேர்ந்த 54 மரணங்களை ஆராய்ந்த சமூகத் தணிக்கையின் முடிவுகளை 2025 ஜூலையில் அரசு நாடாளுமன்றத்தில் வெளியிட்டது. இறந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் பாதுகாப்புக் கருவிகள் இல்லை என்பதே பெரிதும் பேசப்பட்டது. அதைவிடக் கவனிக்கத்தக்க வேறொரு விவரமும் அதில் இருந்தது. இறந்தவர்களில் 38 பேர் தனித்தனியாக அழைத்துவரப்பட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள். அரசின் ஊதியப் பட்டியலில் இருந்தவர்கள் 5 பேர் மட்டுமே.

தெருச் சாக்கடை நகராட்சிக்குச் சொந்தம். அதைப் பராமரிக்கும் பணி ஒப்பந்ததாரருக்கு, அவரிடமிருந்து துணை ஒப்பந்ததாரருக்கு, அங்கிருந்து மேஸ்திரிக்கு என்று கைமாறுகிறது. கடைசியில் குழிக்குள் இறங்குபவருக்கும் நகராட்சிக்கும் இடையே எழுத்துப்பூர்வமான தொடர்பு எதுவும் இருப்பதில்லை. மரணம் நேர்ந்தால் கடைசிக் கண்ணியான மேஸ்திரி பிடிபடுகிறார். பணியை ஒப்படைத்த அமைப்பு தப்பிவிடுகிறது.

கட்டாயத்தின் மற்றொரு வேர் ஜாதி. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களுக்கான "நமஸ்தே" திட்டத்தின் கீழ் 2024 வரை விவரம் சேகரிக்கப்பட்ட சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 92 சதவீதத்தினர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மற்றும் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். தாழ்த்தப்பட்டோர் மட்டுமே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்.

கிடங்கின் பிடி: குப்பை பொறுக்குவோரின் நிலை வேறு விதமானது. தில்லியில் காஜிப்பூர், பல்ஸ்வா குப்பை மேடுகளைச் சுற்றிலும் புறநகர்க் குடிசைகளிலும் வாழ்பவர்களில் பலர் மேற்கு வங்கம், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். பழைய பொருள் கிடங்கின் உரிமையாளர் குடிசை போட இடமும் அவசரத்துக்கு முன்பணமும் தருகிறார். பதிலுக்கு, பொறுக்கிய பொருள் அனைத்தையும் அவர் சொல்லும் விலைக்கு அவரிடமே விற்க வேண்டும். கடன் தீரும்வரை வேறிடம் செல்ல முடியாது. 2024-இல் இவர்களும் "நமஸ்தே" திட்டத்தில் சேர்க்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால், அடையாள அட்டை மட்டும் கிடங்குக் கடனை அடைத்துவிடாது.

நீதிமன்றம் காட்டிய வழி: அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான 1982-ஆம் ஆண்டு வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. வறுமையும் பசியும் ஒருவரை நிர்ப்பந்திப்பதும் கட்டாயம்தான் என்பது அதன் சாரம். 1985-இல் நாடாளுமன்றம் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தத் தொழிலாளர்களும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் அதன் வரம்புக்குள் வருவர் என்பதைத் தெளிவுபடுத்தியது.

நாற்பது ஆண்டுகள் கடந்தும் கொத்தடிமை மீட்பு என்றால் செங்கல் சூளை, கல் குவாரி, அரிசி ஆலை ஆகியவையே அதிகாரிகளின் நினைவுக்கு வருகின்றன. கொத்தடிமை ஒழிப்பு தொழிலாளர் அமைச்சகத்திடமும், மலம் அள்ளுவோர் மறுவாழ்வு சமூக நீதி அமைச்சகத்திடமும், நகரத் தூய்மை நகர்ப்புற அமைச்சகத்திடமும் பிரிந்து கிடப்பது இதற்கு ஒரு காரணம். உதவித் தொகையும் அதற்கேற்ப மாறுகிறது. மீட்கப்படும் கொத்தடிமைக்கு ரூ. 1 லட்சம் முதல் ரூ. 3 லட்சம் வரை மறுவாழ்வு உதவி உண்டு. மலம் அள்ளும் தொழிலாளிக்கு ஒருமுறை ரொக்க உதவி ரூ. 40,000.

புதிய சட்டத் தொகுப்பு: 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்நிலையை மாற்றுமா என்பது அடுத்த கேள்வி. அனைவருக்கும் குறைந்தபட்ச ஊதிய உரிமை, நியமனக் கடிதம் ஆகியவை இவற்றின் சிறப்பு என்கிறது அரசு. அது உண்மையே. அதே வேளையில், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கை 20-இலிருந்து 50-ஆக உயர்த்தப்பட்டுள்ளது. ஐந்தாறு பேரை வைத்து வேலை வாங்கும் துணை ஒப்பந்ததாரர் முன்பும் இவ்விதிகளுக்குள் வரவில்லை. இப்போது 40 பேரை வைத்திருப்பவரும் வெளியே நிற்பார். முக்கியப் பணிகளில் ஒப்பந்த முறைக்குத் தடை விதிக்கும் சட்டம், துப்புரவையும் குப்பை அகற்றுதலையும், அதற்கென்றே அமைந்த நிறுவனங்கள் நீங்கலாக, முக்கியப் பணி அல்ல என்று ஒதுக்கியுள்ளது.

செய்ய வேண்டியது: சாக்கடை மரணத்துக்கு ரூ. 30 லட்சம் இழப்பீடு வழங்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய 6 பெருநகரங்களில் சாக்கடைகளை மனிதரைக் கொண்டு சுத்தம் செய்வதற்குத் தடை விதித்தது. இழப்பீடு மரணத்துக்குப் பின் வருவது. அதற்கு முன்பே தடுக்க வேறொரு சட்டம் தேவையில்லை.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு உண்டு. 2013 சட்டத்தின் கீழும் அவ்வாறே ஒரு குழு உண்டு. இரண்டுக்கும் தலைவர் மாவட்ட ஆட்சியரே. இவ்விரு குழுக்களும் ஒன்றாக அமர்ந்து, நகராட்சிகளின் துப்புரவு ஒப்பந்தங்களையும் பழைய பொருள் கிடங்குகளையும் ஆய்வு செய்தால் ஊதியப் பாக்கியும் முன்பணக் கடனும் வெளிவரும். ஒப்பந்ததாரர் தராத ஊதியத்தை உள்ளாட்சி அமைப்பே தொழிலாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தி, ஒப்பந்தத் தொகையில் கழித்துக்கொள்ளலாம். மரண வழக்குகளில் பணியை ஒப்படைத்த அமைப்பின் பொறுப்பு அதிகாரியும் விசாரிக்கப்பட்டால், கீழ்க் கண்ணியோடு வழக்கு முடிந்துபோகாது.

எத்தனை பேர் இறந்தனர் என்று கேட்டுவரும் உறுப்பினர்கள், கழிவுத் தொழிலில் இதுவரை எத்தனை பேர் கொத்தடிமைகளாக அடையாளம் காணப்பட்டு மீட்கப்பட்டனர் என்றும் அரசிடம் கேட்க வேண்டும். அதற்கு மூன்று அமைச்சகங்களும் சேர்ந்து பதில் தேட வேண்டியிருக்கும்.