ஏவல் கேட்கும் பெட்டி

1982இல் வந்த கொமடோர் 64 கணினிக்கு நினைவகம் வெறும் 64 கிலோபைட். லேசர் அச்சு அதற்கு எட்டாக்கனி என்றுதான் நினைப்போம். ஆனால் ஜியோஸ் மென்பொருளின் துணையோடு 1980களிலேயே ஆப்பிளின் லேசர்ரைட்டரில் அது அச்சடித்தது. 1985இல் வெளியான அந்த அச்சுப்பொறிக்குள் 12 மெகாஹெர்ட்ஸ் செயலி, 1.5 மெகாபைட் நினைவகம். ஏவுகிற கணினியைவிட ஏவல் கேட்கிற பெட்டிக்கே மூளை அதிகம்! பக்கத்தை எப்படி வரைய வேண்டும் என்று போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதி அனுப்பினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். இன்று அதே கொமடோரில் மின்னஞ்சல் அனுப்ப முயல்பவர்களின் கதை வேறு. கடிதம் என்னவோ சில கிலோபைட்தான். இன்றைய அஞ்சல் சேவையகங்கள் கேட்கும் மறையாக்கக் கணக்குதான் கொமடோரின் 1 மெகாஹெர்ட்ஸ் செயலியைத் திணறடிக்கிறது. ஆகவே நடுவில் ஒரு ராஸ்பெரி பை கணினியை வைத்து, அந்த வேலையை அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள். இதை ஏமாற்று வேலை என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்று லேசர்ரைட்டர் செய்ததும் இதே உதவிதான்.