முழங்கால் மட்டுத் தண்ணிதானே?



மாரி மழை பிடித்துவிட்டால் நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "முழங்கால் மட்டுத் தண்ணிதானே, மெல்ல மெல்லப் போயிரலாம்." வீதியைக் குறுக்கறுத்து வெள்ளம் பாயும்போது இப்படிச் சொல்லிக்கொண்டு இறங்கியவர்களில் எத்தனை பேர் கரையேறவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2024 நவம்பர் 26ஆம் திகதியை நம்மால் மறக்க முடியுமா? அம்பாறை மாவட்டத்தில் கொட்டித் தீர்த்த மழையால் வயல்வெளிகள் கடலாகிக் கிடந்தன. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே, மாவடிப்பள்ளியில், வெள்ளம் வீதியின் மேலால் பாய்ந்துகொண்டிருந்தது. மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அங்கே கவிழ்ந்தது. ஆறு மாணவர்களும் அவர்களோடு வேறு சிலரும் உயிரிழந்தனர். பெரிய சக்கரம், பாரமான இயந்திரம், வெள்ளத்தைக் கடக்க இதைவிட நல்ல வாகனம் இல்லை என்றுதானே நாம் எல்லோரும் நம்பியிருந்தோம்?

அந்த நம்பிக்கை எவ்வளவு சரியானது என்பதை அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெரிய நீர்த்தொட்டியொன்றில் உண்மையான வாகனங்களையே இறக்கி அவர்கள் நடத்திய பரிசோதனையின் முடிவுகள் 2017இல் வெளியாயின. ஒரு தொன்னுக்குச் சற்றுக் கூடிய எடையுள்ள சிறிய காரை நகர்த்துவதற்கு 15 சென்ரிமீற்றர் நீரே போதுமானதாக இருந்தது. கணுக்காலுக்குச் சற்று மேலான ஆழம் அது. நீரின் வேகமோ செக்கனுக்கு ஒரு மீற்றர், அதாவது நாம் சாதாரணமாக நடக்கும் வேகம்! 60 சென்ரிமீற்றரில் அந்தக் கார் முழுவதாக மிதந்துவிட்டது. இரண்டரைத் தொன் எடையுள்ள ஜீப் வண்டிகூட 45 சென்ரிமீற்றரில் நிலை தளர்ந்தது. அதுதான் நாம் சொல்லும் முழங்கால் மட்டு. 95 சென்ரிமீற்றரில் அதை ஒற்றைக் கையால் தள்ள முடிந்தது.

இது எப்படி என்று கேட்கிறீர்களா? கிணற்று வாளி நீருக்குள் இருக்கும்வரை இலேசாகவும், வெளியே வந்ததும் பாரமாகவும் இருப்பதை நாம் அறிவோம். வாகனத்துக்கும் அதே கதைதான். ஒரு சிறிய காரின் அடிப்பாகம் ஏறத்தாழ ஐந்து சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அந்த அடிப்பாகம் நீரில் பத்து சென்ரிமீற்றர் அமிழ்ந்தால் 500 கிலோகிராம் நீரை விலக்கும். அத்தனை கிலோகிராம் பாரமும் சக்கரங்களிலிருந்து கழிந்துவிடும். பாரம் குறையக் குறையச் சக்கரத்துக்குத் தரையில் பிடி இல்லாமற் போகிறது. பிறகு பக்கவாட்டில் தள்ளும் நீருக்கு வேலை எளிது. நீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

கலங்கிய நீருக்கடியில் வீதி இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. நடந்து கடக்கும் பெண்ணுக்கோ இன்னுமொரு ஆபத்து. நனைந்த சேலையும் அபாயாவும் காலைச் சுற்றிக்கொள்ளும். நீர் தள்ளுவதற்கு அகன்ற இடத்தையும் கொடுக்கும்.

மழையும் முன்னைப்போல் இல்லை. காற்று ஒரு பாகை செல்சியஸ் வெப்பமானால் ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. உலகம் வெப்பமாகி வருவதால், பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டும் மழை அதிகரித்திருக்கிறது. மழை தொடங்கி ஆறு மணித்தியாலத்துக்குள் பெருகும் வெள்ளத்தைத் திடீர் வெள்ளம் என்கிறார்கள். போகும்போது கணுக்கால் மட்டாக இருந்த இடம், திரும்பும்போது இடுப்பு மட்டாகலாம்.

சகோதரிகளே, பாலம் கட்டுவதும் வடிகான் வெட்டுவதும் நம் கையில் இல்லை. ஆனால் வெளியே நிற்கும் கணவருக்கும் பிள்ளைக்கும் நாம் எடுக்கும் தொலைபேசி அழைப்பு நம் கையில்தான் இருக்கிறது. "எங்க நிக்கிறீங்க? கெதியா வாங்க" என்று பதறுவது தாய்மனம். அந்தப் பதற்றமே சிலரைத் தண்ணீரில் இறங்க வைத்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, "வீதியில தண்ணி பாயுதா? அப்ப வர வேணாம். இண்டைக்கு அங்கயே நில்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள். மத்ரசாவிலோ பாடசாலை விடுதியிலோ பிள்ளை இருந்தால், வெள்ளம் வடியும்வரை அங்கேயே வைத்திருக்கும்படி பொறுப்பானவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஆக்கிய சோறு ஆறிப்போகட்டும். ஓர் இரவு உறக்கமும் கெடட்டும். மறுநாள் காலையில் பிள்ளை வாசலில் வந்து நின்று "உம்மா" என்று கூப்பிட்டால் போதாதா?