வெப்பம் இறைக்கும் பொறியும் நம் இல்லங்களும்

வெந்நீர் ஆடம்பரப் பொருள் அன்று. வட இந்தியச் சமவெளியில் ஜனவரி மாதக் காலை வேளைகளில் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அஃது இன்றியமையாத தேவை. அத்தேவையை முன்னர் விறகடுப்பும் கரிப் பாய்லரும் நிறைவேற்றின. பின்னர் மின்சாரக் கீசர் வந்தது. இப்பொழுது 'ஹீட் பம்ப்' எனப்படும் சாதனம் சில இல்லங்களில் இடம்பெறத் தொடங்கியுள்ளது. மின்செலவை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. இதனை வாங்கலாமா என்று ஊரில் விவரம் அறிந்தவர்களாகக் கருதப்படும் ஆசிரியர்களையும் களப் பணியாளர்களையும் மக்கள் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடையிறுப்பது முறையன்று என்பதே என் கருத்து.

பொறியின் தத்துவம்

சாதாரணக் கீசர் மின்சாரத்தை வெப்பமாக மாற்றுகிறது. ஒரு யூனிட் மின்சாரம் ஏறத்தாழ 860 கிலோ கலோரி வெப்பத்தைத் தரும். எத்துணைச் சிறந்த கீசராயினும் இதற்கு மேல் தர இயலாது. ஹீட் பம்போ வெப்பத்தை உண்டாக்குவதை விட, சுற்றுப்புறக் காற்றில் ஏற்கெனவே உள்ள வெப்பத்தை எடுத்து நீரில் சேர்ப்பதையே முதன்மையாகச் செய்கிறது. குளிர்பதனப் பெட்டி தன்னுள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதும் இதே முறையில்தான்.

நம் கிராமத்துக் கமலையை இதற்கு உவமையாகக் கூறலாம். கிணற்று நீர் தானாக மேட்டுக்கு ஏறாது. மாடு இழுத்தால் ஏறும். மாடு நீரை உண்டாக்குவதில்லை. இருக்கும் நீரை மேலே கொணர்கிறது. அவ்வாறே வெப்பமும் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்திற்குத் தானாகச் செல்லாது. மின்சாரத்தால் இயங்கும் அமுக்கி அதனை ஏற்றுகிறது. குழாய்ச் சுருளில் ஓடும் குளிர்பதனப் பொருள் காற்றின் வெப்பத்தை ஏற்று ஆவியாகிறது. அமுக்கி அவ்வாவியை அழுத்த, அதன் வெப்பநிலை உயர்கிறது. பின்னர் அது தன் வெப்பத்தை நீருக்கு அளித்துத் திரவமாகி, மீண்டும் சுருளுக்குத் திரும்புகிறது.

கிணறு ஆழமானால் மாட்டின் உழைப்பு மிகும். இங்கும் அப்படியே. காற்று குளிரக் குளிர, அல்லது நீரை அதிகமாகச் சூடேற்ற விரும்ப விரும்ப, பொறியின் திறன் குறைகிறது. இனிய தட்பவெப்பத்தில் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு மூன்று அல்லது நான்கு யூனிட் வெப்பம் தரும் பொறி, கடுங்குளிரில் இரண்டளவுக்கே இறங்கிவிடக்கூடும்.

இத்தத்துவம் புதியதன்று. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன், வெளிக்காற்றின் வெப்பத்தைக் கொண்டு கட்டடங்களைச் சூடேற்றலாம் என்று 1852-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மன்றக் கட்டடம் 1938-ஆம் ஆண்டளவில் லிம்மட் ஆற்று நீரின் வெப்பத்தை இறைத்துச் சூடேற்றப்பட்டது.

பெயர் செய்யும் குழப்பம்

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். இச்சாதனத்தைக் கடைகளில் 'ஹீட்டர்' என்னும் பொதுப் பெயரால் விற்கின்றனர். பெயர் பிழையானால் பயன்படுத்தும் முறையும் பிழையாகிவிடும். தில்லியில் என் இல்லத்தில் இதனைப் பொருத்த வந்த தொழிலாளி, ஹீட்டரின் இடம் குளியலறையே என்று கூறி, சன்னல் சிறிதும் இல்லாத ஓர் அறையில் அதனை மாட்ட முற்பட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. பெயர் அவருக்கு அவ்வாறே கற்பித்திருந்தது. மூடிய சிற்றறையில் உள்ள காற்றோ மிகக் குறைவு. பொறி அதன் வெப்பத்தை எடுத்துக் குளிர்ந்த காற்றை வெளிவிடுவதால் அறை விரைவில் குளிர்ந்து, கிணறு வற்றியதைப் போல் பொறியும் திணறும். காற்றோட்டமுள்ள பின்கட்டுத் தாழ்வாரமே அதற்கு ஏற்ற இடம் என்று விளக்கிய பின்னர் அங்கே பொருத்தினார். 'வெப்ப ஏற்றம்' அல்லது 'வெப்ப இறைப்பான்' போன்ற ஒரு பெயர் வழங்கியிருந்தால் இவ்விளக்கத்திற்கே தேவை எழுந்திராது.

வரவு செலவுக் கணக்கு

ஐவர் கொண்ட ஒரு குடும்பம் நாள்தோறும் 100 லிட்டர் வெந்நீர் பயன்படுத்துவதாகக் கொள்வோம். தில்லியின் குளிர்காலத்தில் குழாய் நீர் 15 டிகிரி சென்டிகிரேட் அளவில் இருப்பின், அதனை 50 டிகிரிக்கு உயர்த்த 3,500 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். கீசருக்கு இது சுமார் 4 யூனிட். இரண்டரை மடங்கு திறனுள்ள ஹீட் பம்புக்குச் சுமார் 1.6 யூனிட். நாளொன்றுக்கு மிச்சம் 2.4 யூனிட். வெந்நீர் தேவைப்படும் காலமோ நான்கு மாதங்களே. எனவே ஆண்டு மிச்சம் 290 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் எனின் சுமார் 1,750 ரூபாய். கீசரைவிட இப்பொறிக்கு 60,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தால், அப்பணம் திரும்பி வர முப்பது ஆண்டுகளுக்கு மேலாகும். பொறியின் ஆயுளோ பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளே.

பெங்களூரு போன்ற மேட்டுநில நகரத்தில் கணக்கு வேறு. அங்கே ஆண்டு முழுவதும் வெந்நீரில் குளிப்போர் பலர். காற்றும் கடுமையாகக் குளிர்வதில்லை. நீர் 22 டிகிரியில் இருந்து, திறனும் மூன்றரை மடங்காக இருப்பின், ஆண்டுக்கு 850 யூனிட் மிச்சமாகும். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளில் பணம் திரும்பும். சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் பொறி மிக நன்றாக இயங்கும். ஆனால் வெந்நீரின் தேவை அங்கே குறைவு. பனி உறையும் மலையூர்களில் தேவை மிகுதி. ஆனால் சுருளில் உறைபனி படிந்து திறன் குன்றும்.

என் இல்லத்தில் இப்பொறி இரு குளிர்காலங்களாக இயங்கி வருகிறது. பணத்தை எண்ணி நான் அதனை வாங்கவில்லை. முதியோர் இருவர் உள்ள வீட்டில் எந்நேரமும் வெந்நீர் கிடைப்பது ஒரு நன்மை. 2,000 வாட் இழுக்கும் கீசருக்குப் பதிலாகச் சுமார் 600 வாட்டில் வேலை முடிவது மற்றொன்று. ஆயினும் என் வீட்டுக்குப் பொருந்தியது எல்லார் வீட்டுக்கும் பொருந்தும் என்று உரைப்பது நேர்மையாகாது.

முதலில் எங்கே அமைக்க வேண்டும்?

இச்சாதனம் முதலில் செல்ல வேண்டிய இடம் தனி இல்லமன்று. மாணவர் விடுதியும் மருத்துவமனையுமே. நூறு மாணவர்கள் தங்கும் ஒரு விடுதியில் தலைக்கு 20 லிட்டர் வீதம் 2,000 லிட்டர் வெந்நீர் தேவை. மேற்கூறிய தில்லிக் கணக்கின்படியே நாளொன்றுக்கு 48 யூனிட்டும், நான்கு மாதங்களில் 5,800 யூனிட்டும் மிச்சமாகும். பணமாக இது சுமார் 35,000 ரூபாய். ஒரே பெரிய பொறியைப் பேணுவது இருபது சிறு கீசர்களைப் பேணுவதைவிட எளிது. விடுதிச் சிறுவர்கள் மார்கழிக் குளிரில் தண்ணீரில் நடுங்கிக் குளிப்பதை நாம் இயல்பானதாக ஏற்றுக்கொண்டுவிட்டோம். குறைந்த செலவில் அதனை மாற்ற வழியிருக்கும்போது, வசதி படைத்தவர்தம் வீட்டு மாடிகளோடு அவ்வழி நின்றுவிடுதல் தகாது.

வாங்கியவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை சில உண்டு. பொறியைப் பிற்பகலில் இயக்குவது நன்று. தில்லியில் ஜனவரி மாத அதிகாலைக் காற்று 7 அல்லது 8 டிகிரி. பிற்பகலில் 20 டிகிரி வரை உயரும். அப்பொழுது சூரிய மின்சாரமும் மிகுதியாகக் கிடைக்கும். ஆயிரம் வீடுகள் காலை ஏழு மணிக்கு ஒருசேரக் கீசரைப் போட்டால் 2,000 கிலோவாட் சுமை ஒரே நேரத்தில் ஏறுகிறது. முன்னாள் பிற்பகலிலேயே நீரைச் சூடேற்றிக் காப்புறையிட்ட தொட்டியில் வைத்தால் அச்சுமை தவிர்க்கப்படும். நீண்ட நாள் தேங்கும் இளஞ்சூட்டு நீரில் லெஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமி வளரக்கூடும். ஆதலின் அவ்வப்போது நீரை 60 டிகிரிக்கு உயர்த்துதல் வேண்டும். கடின நீர் உள்ள ஊர்களில் உப்புப் படிவை நீக்குவதும், தொட்டியைத் துருவினின்று காக்கும் மக்னீசியத் தண்டை மாற்றுவதும் தவறக்கூடாது.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. விளம்பரத்தில் கூறும் திறன் எந்தக் காற்று வெப்பநிலையில் அளக்கப்பட்டது? பழுது நீக்குவோர் எத்தனை கல் தொலைவில் உள்ளனர்? உள்ளே இருக்கும் குளிர்பதனப் பொருள் யாது? ஆர்-134ஏ என்னும் பொருள் காற்றில் கலந்தால் அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பமூட்டும். புரொப்பேனின் தீங்கு மிகச் சிறிது, எனினும் அது தீப்பற்றக்கூடியது. கிகாலி ஒப்பந்தத் திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2032 முதல் இத்தகைய செயற்கைப் பொருள்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாக விளக்கலாம். கையில் சிறிது ஸ்பிரிட்டைத் தடவினால் அஃது ஆவியாகும்போது கை குளிர்வதையும், சைக்கிள் பம்பை விரைந்து அழுத்தினால் அதன் அடி சூடாவதையும் மாணவர்கள் தாமே உணர்வர். இவ்விரண்டும் சேர்ந்ததே ஹீட் பம்ப் என்றால் போதும். களப் பணியாளர்கள் தம் பகுதியில் உள்ள ஒரு விடுதியின் வெந்நீர்த் தேவையை மேற்கூறிய முறையில் கணக்கிட்டு, அதற்குப் பொறுப்பான அதிகாரியிடம் எழுத்து மூலம் அளிக்கலாம். விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதையும் விலையைக் கண்டு அஞ்சி ஒதுக்குவதையும் விட, கணக்கிட்டு முடிவு செய்வதே அறிவியல் மனப்பான்மைக்கு அழகு.