குப்பைமேடு காடானது, காப்பது யார்?

தாராவியின் ஓரத்தில், மித்தி ஆற்றங்கரையில், 37 ஏக்கரில் ஒரு காடு நிற்கிறது. மகாராட்டிர இயற்கைப் பூங்கா என்பது அதன் பெயர். ஒருகாலத்தில் மும்பை மாநகரின் குப்பையைக் கொட்டிய மேடு அது. அங்கே மரம் நட்டு வளர்த்து, 1994 ஏப்ரல் 22இல் பூங்காவைத் திறந்தார்கள்.

பத்துக்குப் பத்து அறையில் வாழும் நமக்கு இது எட்டும் தூரத்தில் இருக்கும் நல்ல காற்று. ஆயினும் நம்மில் எத்தனை குடும்பங்கள் அதன் வாசலை மிதித்திருக்கின்றன?

தோழர்களே! பூங்கா அலுவலகத்தின் ஒப்புதலோடு, மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் தருவோம். பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்குவோம். கன்றுகளுக்கு நீர் வார்ப்போம். பார்க்க வருவோருக்கு நம் பிள்ளைகள் வழிகாட்டட்டும். நமது புங்கை மராத்தியருக்குக் கரஞ்ச். நமது நாவல் அவர்களுக்கு ஜாம்புள். இரு மொழியும் அறிந்த பிள்ளைகளைவிடச் சிறந்த வழிகாட்டி யார்?

ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். கூலிக்கு உழைக்கும் தோட்டத் தொழிலாளியின் மண்வெட்டியை நாம் பிடுங்கலாகாது. தொண்டரைக் காட்டி ஆள்குறைப்புச் செய்தால் முதலில் எதிர்த்து நிற்பவர்கள் நாமாகவே இருப்போம்.

சதுப்பு நிலத்தைத் தூர்த்து ஊராக்கியவர்கள் நம் முன்னோர். 1960களில் அவர்களையே "வெளியேறு" என்றார்கள். இன்று இந்த மண்ணுக்குப் பொன்விலை. நாளை இந்தக் காட்டின்மேல் எவர் கண் வைத்தாலும், அதைப் பேணி வளர்த்தவர்களின் குரலை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

சங்கக் கிளைகள் இம்மாதமே பெயர்ப் பட்டியல் எடுக்கட்டும். குடும்பத்தோடு வாருங்கள்!