கால் இஞ்சின் கூலி

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் உள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற பட்டம் கொண்ட அவன் எடுத்த கோயில் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. அரசன் ஒதுக்கிய நான்கையும் சற்று நிதானித்துப் பாருங்கள். செங்கல்லும் மரமும் ஒன்றோடொன்று சேர்க்கப்படுபவை. சுதையும் உலோகமும் அவற்றைச் சேர்த்துப் பிடிப்பவை. மண்டகப்பட்டில் சேர்ப்பு என்பதே கிடையாது. தூணும் சுவரும் கூரையும் வாயிற்காவலரும் ஒரே பாறை. குடைகிறவனுக்கு ஓரிடத்தில் உளி பிசகினால் பிசகு அந்த இடத்தோடு நிற்கும், பக்கத்துத் தூணுக்குப் பரவாது. சுமார் நூறு ஆண்டு கழித்து இதே மாவட்டத்துப் பனமலையில் அவன் வழிவந்த இராசசிம்மன் கல்லை வெட்டி அடுக்கித் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டிவிட்டான். அங்கே கணக்கு மாறிவிடுகிறது. கீழ்க்கல் ஒரு நூல் சாய்ந்தால் மேலே வரும் ஒவ்வொரு கல்லும் அந்தச் சாய்வைச் சுமக்கும். குடைகிற கலைக்கும் சேர்க்கிற கலைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் துணிக்குக் கொண்டுவருவதுதான் இந்த வாரப் பத்தியின் நோக்கம். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப் போர்வையை, இப்போது குயில்ட் என்ற பெயரில் கடைகளில் தொங்குவதை, நாம் துணியின் விலையை வைத்து மதிப்பிடுகிறோம். அதன் மதிப்பு முழுவதும் சேர்ப்பில் இருக்கிறது. தைக்கிற பெண்ணுக்குச் சேர வேண்டிய கூலியை இந்தத் தவறான கணக்கு தின்றுவிடுகிறது என்பது என் வாதம்.

குயில்ட் வேலையில் தொடக்கக்காரர்களுக்குப் பெரும்பாலும் சொல்லித்தரப்படும் கட்டங்களில் ஒன்று எட்டுக் கதிர் நட்சத்திரம். அமெரிக்கப் பெண்கள் அதற்கு சாடூத் ஸ்டார் என்று பெயர் வைத்தார்கள். இரண்டரை இஞ்ச் அகலத்தில் வெட்டிய துணிப்பட்டைகள் இருந்தால் அதை முழுக்கப் பட்டையிலிருந்தே எடுக்கலாம். பின்னணி நிறப் பட்டையில் இரண்டரை இஞ்ச் சதுரம் நான்கு, இரண்டரைக்கு நாலரை இஞ்ச் நீளத்துண்டு நான்கு. ஆக 28 இஞ்ச் பட்டை. நட்சத்திர நிறத்தில் இரண்டரை இஞ்ச் சதுரம் பன்னிரண்டு, 30 இஞ்ச். பன்னிரண்டில் நான்கைச் சேர்த்தால் நட்சத்திரத்தின் நடு. மற்ற எட்டையும் நீளத்துண்டுகளின் மூலைகளில் கவிழ்த்து வைத்து, மூலைவிட்டமாகத் தைத்து, தையலுக்கு வெளியே கால் இஞ்ச் விட்டு வெட்டி, திருப்பி இஸ்திரி போட்டால் கதிர்கள். மொத்தம் இருபது துண்டு, பத்தொன்பது தையல். தைத்து முடித்ததும் நட்சத்திரம் எட்டு இஞ்ச் சதுரத்துக்குள் அடங்கும். இதில் கண்ணை வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நீளத்துண்டில் இரண்டு மூலைவிட்டத் தையல்களும் சந்திக்கும் புள்ளி, விளிம்பிலிருந்து சரியாகக் கால் இஞ்ச் உள்ளே நிற்கும். நடுச்சதுரத்தைச் சேர்க்கும் தையல் அந்தப் புள்ளியின் தலையைத் தொட்டுக்கொண்டு ஓட வேண்டும். நான்கு சதுரங்களைச் சேர்த்த நடுத்தையலும் அதே புள்ளியில்தான் வந்து முட்ட வேண்டும். இரண்டு இழை உள்ளே போனால் முனை தையலுக்குள் மறைந்து மழுங்கிவிடும். வெளியே போனால் முனை நடுச்சதுரத்தைத் தொடாமல் இடைவெளி விட்டுப் பல்லிளிக்கும். மூலைவிட்டமாக வெட்டிய துணி, தையல்காரர்கள் சொல்கிற கிராஸ், பாவுக்கும் ஊடைக்கும் நடுவில் விழுவதால் இழுத்த இழுப்புக்கு நீளும். இஸ்திரிப் பெட்டியை ஓட்டித் தேய்த்தாலே கதிர் வளைந்துவிடும். தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும்.

தச்சர் கணக்கில் ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். கால் இஞ்ச் என்பது இரண்டு நூல். ஒருத்தி கால் இஞ்சுக்குப் பதில் அரை நூல் கூடுதலாகப் பிடித்துத் தைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் தையலின் இரு பக்கத் துண்டிலும் அரை அரை நூல் போவதால் தையலுக்கு ஒரு நூல் குறைகிறது. கட்டத்தின் மேல்வரிசையில் இரண்டு தையல். அங்கே இரண்டு நூல் குறைவு. நடுவரிசையில் மூன்று தையல். மூன்று நூல் குறைவு. ஒரே கட்டத்தின் இரண்டு வரிசைகள் இப்போது ஒன்றோடொன்று பொருந்தாது. இழுத்துப் பொருத்தினால் கட்டம் கோணும். வரிசைக்கு எட்டுக் கட்டம் என்று சேர்த்துக்கொண்டு போனால், 64 இஞ்ச் வர வேண்டிய அகலத்தில், மேல்வரிசைக் கணக்கோடு கட்டங்களை இணைக்கும் தையல்களையும் எண்ணினாலே, மூன்று இஞ்சுக்கு ஒரு நூல் குறைவான அளவு காணாமல் போயிருக்கும். ரவிக்கையில் இதே அரை நூலைப் பக்கத் தையலில் பிடித்தோ விட்டோ சரிசெய்துவிடலாம். உடம்பும் துணியும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நட்சத்திரக் கட்டம் விட்டுக்கொடுக்காது. ஆயிரம் தையலையும் ஒரே அளவில் போடும் கைக்குத்தான் அது அடங்கும். அந்தக் கையின் தேர்ச்சியை ஒரு பொற்கொல்லரின் தேர்ச்சிக்குக் குறைவாக வைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

முன்பே வெட்டிய பட்டைகள் வந்தபிறகு இந்த வேலையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் மோடா நிறுவனம் ஜெல்லி ரோல் என்ற பெயரில், இரண்டரை இஞ்ச் அகலமும் துணியின் முழு அகல அளவுக்கு நீளமும் கொண்ட நாற்பது பட்டைகளைப் பாய்போல் சுருட்டி விற்கிறது. நிறப்பொருத்தமும் அவர்களே பார்த்துவிடுகிறார்கள். கட்டி வைத்த பூவை வாங்கித் தலையில் வைப்பது போலத்தானே இது என்பது கேள்வி. பட்டை, வேலையின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது என்பது உண்மை. நீளவெட்டு இல்லாமல் போகிறது. குறுக்குவெட்டு நம்மிடமே இருக்கிறது. மேலே சொன்ன பத்தொன்பது தையலில் ஒன்றைக்கூடப் பட்டை தைத்துத் தரவில்லை. இன்னும் சொன்னால், அது புதிதாக ஒரு கவனத்தைக் கோருகிறது. நூல் பிரியாமல் இருக்கப் பட்டையின் ஓரங்களைப் பல் பல்லாக வெட்டியிருப்பார்கள். இரண்டரை இஞ்ச் என்பது பல்லின் நுனிவரையா, பள்ளம்வரையா என்பதை அளவுகோல் வைத்து முதலில் பார்த்தாக வேண்டும்; பார்க்காமல் உட்கார்ந்தால் முதல் தையலிலேயே அரை நூல் போய்விடும். கற்றுக்கொடுக்கிறவர்களுக்குப் பட்டையால் ஒரு பெரிய நன்மையும் உண்டு. எல்லாருக்கும் ஒரே அகலத் துணி கையில் இருக்கும்போது, கட்டம் கோணினால் பிசகு தையலில்தான் என்று உடனே தெரிந்துவிடுகிறது. வெட்டும் தையலும் சேர்ந்தே பிசகினால், எதைத் திருத்துவது என்று கற்பவளுக்கும் புரியாது, சொல்லித்தருபவருக்கும் புரியாது.

முழுத்துணியை வெட்டித் திரும்பத் தைப்பது வீண் வேலை என்ற கருத்துக்கு இந்த நாட்டில் மிகப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. பௌத்த விநய நூல், பிக்குகளின் சீவர ஆடையைத் துண்டுகளாக வெட்டிச் சேர்த்துத் தைக்கச் சொல்கிறது. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி அதுபோல் ஆடை அமைக்க முடியுமா என்று புத்தர் கேட்டதாகவும், ஆனந்தர் அதை வகுத்துத் தந்ததாகவும் அந்த மரபு சொல்லும். வெட்டிய துணிக்குச் சந்தை விலை இல்லாததால் திருடருக்கு அதில் ஆசை வராது என்பதும் ஒரு காரணம். நம் தேர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கைகள் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கும் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் குடைகளும் இல்லாமல் எந்தத் தேர் அழகாக நகர்ந்திருக்கிறது? சென்னைப் பட்டணத்தின் பெயரால் உலகம் அறிந்த மெட்ராஸ் கட்டம்போட்ட துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, வேறு வேறு கட்டங்களை அடுத்தடுத்துச் சேர்த்துத் தைத்த துணியை அமெரிக்கர்கள் கால்சட்டையாகவும் கோட்டாகவும் விரும்பிப் போட்டார்கள். சேர்ப்பு துணியின் மதிப்பை ஏற்றியதற்கு நம் கைத்தறிக் கைலித் துணியைவிட நெருக்கமான சான்று வேண்டியதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகம் கொண்டாடும் ஒட்டுப் போர்வைகள் அளவுகோலுக்குக் கட்டுப்பட்டவை அல்லவே என்பது அது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்து, கண் போன போக்கில் சேர்த்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொங்கின. 2006-இல் அந்நாட்டுத் தபால்தலைகளில் ஏறின. நம் பக்கத்திலேயே, வட கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் துண்டின் மேல் துண்டாக வளர்கிறது. நான்கு மூலையிலும் மடித்த சிறு துண்டுகளைப் பூவாக வைத்தால்தான் அவர்களுக்கு அது முழுமை. இவற்றின் அழகுக்கு முன்னால் நட்சத்திரக் கட்டத்தின் ஒழுங்கு பலருக்குச் சலிப்பாகத் தோன்றலாம். ஆனால் கவந்தி ஒரு துணியின் மேல் மற்றொன்றை ஏற்றித் தைக்கும் முறை. அங்கே பிசகை அடுத்த துண்டு மூடிக்கொள்ளும். விளிம்போடு விளிம்பு சேரும் முறையில் அந்த வசதி இல்லை. ஜீஸ் பெண்ட் பகுதியின் கதையிலும் பலர் சொல்லாமல் விடும் ஒரு பகுதி உண்டு. 1966-இல் அங்கே தொடங்கிய ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற பெண்கள் கூட்டுறவு பெரிய கடைகளுக்குப் போர்வை தைத்துக் கொடுத்தது. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகளை மொத்தமாகத் தைத்தது. அப்போது ஒரு உறை மற்ற உறையைப் போலவே இருந்தாக வேண்டியிருந்தது. அந்தப் பெண்கள் கூலி பார்த்தது இந்த அளவு வேலையில். மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் விருப்பம்போல் சேர்த்தார்கள். அருங்காட்சியகத்தின் கண் ஊருக்கு வர முப்பது ஆண்டு ஆனது. திண்டிவனத்தில் மெஷின் மிதிக்கிற பெண்ணை அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்ல முடியாது.

விழுப்புரம் மாவட்டத்திலேயே துண்டுத் துணிக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிலையம் கடலோர மீனவப் பெண்களுக்குத் துணிக் கழிவிலிருந்து சுனாமிகா என்ற சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. பொம்மை விற்கப்படவில்லை, பரிசாகவே உலகம் சுற்றியது. நன்கொடையில் பெண்களுக்குக் கூலி போனது. துயரத்தில் இருந்த கைகளுக்கு அது சரியான வேலை, மதிப்போடு சொல்கிறேன். ஆனால் துண்டுத் துணி என்றாலே கருணை, கழிவு, மறுசுழற்சி என்ற பார்வை அதன் பிறகு எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது. கண்காட்சியில் ஒட்டுப் போர்வையைக் கையில் எடுப்பவர் ‘வேஸ்ட் துணிதானே’ என்று பேரத்தைத் தொடங்குகிறார். மிச்சத் துணி எல்லாம் நட்சத்திரத்துக்கு ஆகாது என்பதும் அவருக்குத் தெரிவதில்லை. திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட் பின்னல் துணி. இழுத்தால் நீளும், மெஷின் துடைக்கத்தான் லாயக்கு. பாவும் ஊடையும் ஓடும் நெசவுத் துணி வேண்டும், கனம் ஒன்றாக இருக்க வேண்டும், சாயம் போகாமல் இருக்க வேண்டும். பருத்தி ரவிக்கைத் துணி, கட்பீஸ் கடைத் துணி, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தரும் பள்ளிச் சீருடைகளுக்கு வெட்டியதில் மிஞ்சும் புதுத்துணி இவை பொருந்தும். ஒரே ரகத் துணியாகப் பிரித்து, இரண்டரை இஞ்சில் பட்டை வெட்டி, நாற்பது நாற்பதாகச் சுருட்டித் தருவதே ஒரு தனித் தொழில். அமெரிக்கச் சுருளுக்காக இங்கே யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வெயிலில் போர்வை யாருக்கு என்று கேட்டால், இடையில் பஞ்சு வைக்காமல் மேல்துணியும் அடித்துணியும் மட்டும் சேர்த்த கட்டில் விரிப்பு நம் ஊருக்குப் போதும். திண்டு உறையும் ஆகும். அச்சடித்த நட்சத்திர விரிப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்றால், பட்டுச்சேலை அச்சு பாலியெஸ்டரிலும் கிடைக்கிறது. அதற்காகப் பட்டு நெய்யும் சிறுவந்தாட்டில் தறி நிற்கவில்லை.

எனவே கூலிக்கு வருகிறேன். எட்டுக்குப் பத்து என்று 80 நட்சத்திரக் கட்டங்கள் கொண்ட விரிப்பு 64-க்கு 80 இஞ்ச். அதில் 1,600 துண்டுகள். கட்டங்களுக்குள் 1,520 தையல், கட்டங்களைச் சேர்க்க 79, ஆக 1,599. இன்று இந்த வேலைக்குக் கூலி பேசுகிறவர்கள் விரிப்புக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுகிறார்கள், அல்லது நாள் கணக்கில். இரண்டிலும் தையலின் எண்ணிக்கை மறைந்துபோகிறது. பெரிய துண்டுகளால் நூறு தையலில் முடியும் விரிப்பும் இதுவும் ஒரே அளவாகத் தெரிவதால் ஒரே கூலி பெறுகின்றன. தையலுக்கு ஒரு ரூபாய் என்று மிகக் குறைத்து வைத்தாலும் இந்த மேல்துணிக்கு மட்டும் 1,599 ரூபாய் வரும். வெட்டும் இஸ்திரியும் அடித்துணியும் ஓரப்பட்டையும் அதற்கு மேல். வாங்குபவருக்கும் இந்தக் கணக்கைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்: இத்தனை கட்டம், இத்தனை துண்டு, இத்தனை தையல். விலை ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு அந்தச் சீட்டே பதில் சொல்லும். தரத்தைப் பார்ப்பதற்கும் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி தொடங்குகிறவர்கள் முதல் நாள் மூன்று பட்டைகளைக் கொடுத்து நீளவாக்கில் சேர்த்துத் தைக்கச் சொல்லட்டும். மொத்த அகலம் ஆறரை இஞ்ச் வர வேண்டும், நடுப்பட்டை சரியாக இரண்டு இஞ்ச் தெரிய வேண்டும். அது வரும்வரை நட்சத்திரத்துக்குப் போக வேண்டாம். வந்துவிட்டால், அன்றிலிருந்து அந்தப் பெண்ணிடம் கட்டத்துக்குப் பத்தொன்பது தையல் என்ற கணக்கில் கூலி பேசுங்கள்.