தேடினால் அகப்படாத தமிழ்

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடக்கிய யுனிக்ஸ் இயங்குதளத்தின் சின்னஞ்சிறு கட்டளைகள் இன்றும் உழைக்கின்றன. 'ஹெட்' கோப்பின் முதற் பத்து வரிகளைக் காட்டும்; 'கிரெப்' தேடும் சொல்லுள்ள வரிகளைப் பொறுக்கித் தரும்; 'செட்' கோப்பு முழுவதும் ஒரு சொல்லுக்கு மறுசொல் இடும்.

ஆனால், பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய எமது பழைய செய்திக் கோப்புகளில் 'யாழ்ப்பாணம்' எனத் தேடினால் 'கிரெப்'புக்கு ஒரு வரியும் அகப்படாது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். தமிழ் வெறும் மேற்பூச்சே.

போரில் எரிந்த ஏடுகளை மீட்க இயலாது. எஞ்சிய கோப்புகளையேனும் யுனிக்கோட்டுக்கு மாற்றி, எளிய உரைக்கோப்புகளாகச் சேமிக்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது. அம்மாற்றத்துக்கும் 'செட்' கட்டளை உதவும். தேடிக் கண்டெடுக்க முடியாத ஆவணம் இருந்தும் இல்லாததே.